குறையாத பேணி

குணலட்சுமி கதைப்பது குறைவு, பார்ப்பது அதிகம். வட்டுக்கோட்டையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, படுக்கையில் விழுந்த தாயைப் பார்க்க வீட்டோடு நின்றவள். அடுப்படிக்குள் இருந்துகொண்டே ஒழுங்கையில் போவோர் வருவோரின் நடையை வைத்து ஆளைச் சொல்லுவாள். மீன்காரி தராசைத் தூக்கும்போது சுண்டுவிரல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டாள். அடுத்த முறை வேறொரு மீன்காரியிடம் வாங்குவாள், அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வயதில் மருதனார்மடத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் அந்தக் குணம் கூடவே வந்தது. கணவன் சீவரத்தினம் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். "உவள் பொலிசிலை சேந்திருக்க வேண்டியவள். என்ரை கஷ்டகாலம், எனக்கு வந்து வாய்ச்சிருக்கிறாள்" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் அவருடைய தமக்கை இரத்தினம்மாவின் சொல்தான் நடக்கும். கலியாணம் செய்யாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். சாமான், சமையல், யார் எதில் தேத்தண்ணி குடிக்கலாம் என்பது வரை எல்லாம் அவர் வைத்த ஒழுங்கு.

கலியாணமாகி மூன்றாம் வருடம், தொண்ணூற்றிரண்டில், பெண்பிள்ளை பிறந்தது. தர்சினி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு இரண்டரை மாதமானபோது குணலட்சுமிக்கு நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபொயிட், வந்துவிட்டது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது தலைமயிர் பாதி கொட்டியிருந்தது. பாலும் வற்றிப் போயிருந்தது.

வரும்போது டொக்டர் ஒரு கட்டளையும் போட்டிருந்தார். காய்ச்சல் விட்டாலும் கிருமி உடனே போகாது. மலம் இரண்டு தரம் சோதித்து, இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வரும்வரை பிள்ளையின் பால் போத்தலிலோ சூப்பியிலோ மாவிலோ கை வைக்கக்கூடாது. பிள்ளையைத் தூக்குவதென்றால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். இரத்தினம்மா அதையும் கூட்டி, தூக்கவே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார். பிள்ளையின் ஏணை பின்விறாந்தையில் தொங்கியது. குணலட்சுமியின் பாய் உள்ளறையில். இடையில் ஒரு யன்னல்.

பிள்ளை மெலிந்திருந்தது. தொடையில் தோல் மடிந்து கிடந்தது. குடும்பநல மருத்துவிச்சி நல்லம்மா வந்து பிள்ளையின் நிறை அட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு மாதமா நிறை ஏறேல்லை. அடுத்த கிழமையும் ஏறாட்டில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதுவன். அங்கை இப்ப மருந்தும் இல்லை, கட்டிலும் இல்லை. அது உங்களுக்குத் தெரியுந்தானே. பாலை ஒழுங்கா, அளவாக் குடுங்கோ."

குடிமைப் பொருட்களுக்குத் தடை இருந்த காலம். சங்கக்கடையில் பங்கீட்டு அட்டைக்குப் பால்மா கொடுப்பார்கள், அதுவும் வந்தால்தான். அந்தக் கிழமை வரவில்லை. மருதனார்மடம் சந்தியில் கடை வைத்திருக்கும் முத்துக்குமாருவிடம் இரண்டு தகரப் பேணி பால்மா இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சீவரத்தினம் சைக்கிளில் ஓடினார். ஒன்று வாங்கப் போனவர் இரண்டோடு வந்து நின்றார்.

"ரெண்டையும் கொண்டுபோய் மனுசிக்குக் காட்டு, பிறகு ஒண்டைத் திருப்பிக் கொண்டு வா எண்டு முத்துக்குமாரண்ணை தந்துவிட்டவர். போனமுறை அரிசியைத் திருப்பி அனுப்பினதை அந்தாள் இன்னும் மறக்கேல்லை."

பேணிகளை யன்னல் கட்டின்மேல் வைத்தார். குணலட்சுமி தொடாமல் குனிந்து பார்த்தாள். "திருப்புங்கோ" என்றாள். திருப்பினார். "கவிழுங்கோ." கவிழ்த்தார். "காதடியிலை வைச்சுக் குலுக்குங்கோ." குலுக்கினார்.

ஒரு பேணி நெளிந்திருந்தது. சுற்றியிருந்த கடதாசி மங்கி, திகதி இருந்த இடம் தேய்ந்து போயிருந்தது. ஆனால் ஓட்டை ஒன்றும் இல்லை. மற்றது பளபளவென்று புதுசாக இருந்தது. அடிப்பக்கம், விளிம்புக்குச் சற்று மேலே, ஆணி போகிற அளவு ஒரு துளை. அதை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

"உது சோதனையிலை கம்பியாலை குத்திப் பாத்தது" என்றார் சீவரத்தினம். "எனக்கெண்டால் ஓட்டையில்லாததுதான் நல்லம் போலை கிடக்கு."

குணலட்சுமி நெடுநேரம் யோசித்தாள். தெற்கிலிருந்து வருகிற சாமானெல்லாம் ஆமியின் சோதனையைத் தாண்டித்தான் வரவேண்டும். தாண்டி வந்த பேணியில் கம்பி பட்ட அடையாளம் இருக்கும். அடையாளமே இல்லாமல், திகதியும் இல்லாமல் ஒரு பேணி எங்கிருந்து வந்தது? யாரோ பழைய பேணிக்குள் கோதுமை மாவைப் போட்டு மூடி ஒட்டியிருக்கலாம். பட்டணத்தில் அப்படி நடந்ததாக ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

"ஓட்டை உள்ளதை எடுங்கோ. ஓட்டை இருந்தால்தான் உண்மையான பேணி" என்றாள்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அது பிழையான கணக்கு என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வெங்காயம் கிண்டுகிற நாட்கள். காலை ஏழரைக்குச் சீவரத்தினமும் இரத்தினம்மாவும் தோட்டத்துக்குப் போனால் திரும்ப இரண்டு மணியாகும். அதுவரை பிள்ளையைப் பார்க்க மக்டலீன் வந்தாள். மயிலிட்டியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் இடம்பெயர்ந்து வந்து, பக்கத்து ஒழுங்கையில் ஒரு வளவுக்குள் கொட்டில் போட்டு இருப்பவள். இருபத்துமூன்று வயது. புருஷன் நீக்கிலாப்பிள்ளைக்கு இறங்கக் கடல் இல்லை. தெற்குச் சாமான் வந்திறங்கும் கிளாலிக் கரையில் வள்ளங்களில் மூட்டை ஏற்றி இறக்கப் போவான், போனால் நாலு நாளைக்கு வரமாட்டான். பதினொரு மாதக் குழந்தை ஜெசிந்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் மக்டலீன் வேலைக்கு வருவாள்.

கடற்கரைச் சனத்தை இரத்தினம்மா அடுப்படிக்குள் விடமாட்டார். மக்டலீனுக்குத் தேத்தண்ணிக் கிளாஸ் தனி, அது வெளியில் கிணற்றுக்கட்டுப் பக்கம் கவிழ்ந்திருக்கும். ஆனால் காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, பால்மாப் பேணியோடு பின்விறாந்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பகலில் மூன்று தரம் மக்டலீன்தான் கரைத்துக் கொடுக்கவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இதைப்பற்றிக் குத்தலாகக் கேட்டபோது இரத்தினம்மாவுக்கு மறுமொழி தயாராக இருந்தது.

"அவள் என்ன சோறா சமைக்கிறாள்? பேணிப்பாலுக்கு ஏதடி சாதி? ஆரும் கரைக்கலாம்."

குணலட்சுமி யன்னலால் மக்டலீனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மக்டலீன் பால் கொடுக்கும் நேரம் வந்ததும் ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வளவில் இருந்த மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவாள். அது வெறுங்கொட்டில். மாடு போன வருடம் ஷெல் விழுந்து செத்துப்போனது.

"ஏன் பிள்ளையை அங்கை கொண்டு போறாய்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"இஞ்சை ஒரே ஈ, அக்கா. அங்கை நல்ல காத்து."

மாட்டுக் கொட்டிலில் இல்லாத ஈ விறாந்தையிலா இருக்கிறது?

அவளுக்கு முதல் வந்த எண்ணம் களவுதான். ஒரு பேணி பால்மா கிளாலி வழியாக வந்து சேர்வதற்குள் என்ன விலையாகிறது என்று மூட்டை தூக்குகிறவனின் பெண்சாதிக்குத் தெரியாதா? கையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. ஒரு கரண்டி மாவை முந்தானையில் முடிந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

பேணியைத் திறந்து பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் வெளியில் தட்டலாம். மக்டலீன் கொட்டிலுக்குப் போன நேரம் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து, பேணியின் பக்கத்தில் விரல் மொளியால் மேலிருந்து கீழாகத் தட்டினாள். மா இல்லாத இடத்தில் 'டங்' என்றது. மா தொடங்கும் இடத்தில் சத்தம் அமுங்கியது. அந்த இடத்தில் பிள்ளைக்கு வைக்கும் கறுத்தப் பொட்டு மையால் ஒரு புள்ளி வைத்தாள். அடுத்த நாளும் தட்டி இன்னொரு புள்ளி.

இரத்தினம்மா அதைக் கண்டுவிட்டார். "என்னடி குணம், பேணிக்கும் நாவூறோ?"

"ஓம் மச்சாள். வாறவை போறவை எல்லாரும் பாக்கினம்" என்றாள் குணலட்சுமி.

ஒரு பேணி நாலு நாளைக்குத்தான் வரும். ஆறு தரப் பால், ஒவ்வொன்றுக்கும் கரண்டிக் கணக்கு, எல்லாம் நல்லம்மா அட்டையில் எழுதித் தந்திருந்தார். களவு போனால் மூன்றாம் நாளே அடி தெரியவேண்டும். மூன்றாம் நாள் தட்டினாள். மா பாதிக்கு மேல் நின்றது. நாலாம் நாள் தட்டினாள். சரி பாதி.

குறையாமல் போவதைக் கண்டு அவளுக்குப் பயம் பிடித்தது. இரத்தினம்மாவோ சந்தோஷமாக இருந்தார். "திறமான பேணி. கன நாளைக்கு வருது. உன்ரை தெரிவெண்டால் தெரிவுதான்."

பேணியில் தானாக மா ஊறுமா? எடுத்ததை மறைக்க வேறு ஏதாவது மாவைப் போட்டு நிரப்புகிறாள் என்று குணலட்சுமி முடிவு கட்டினாள். அரிசிமாவோ, கோதுமை மாவோ. மூன்றரை மாதப் பிள்ளையின் குடலுக்குள் கோதுமை மா!

எட்டாம் வகுப்பில் படித்ததில் ஒன்று அவளுக்கு நினைவிருந்தது. விஞ்ஞான ரீச்சர் வெட்டிய மரவள்ளிக் கிழங்கில் காயத்துக்குப் போடும் அயடின் ரிங்சரை விட்டபோது கிழங்கு கருநீலமாக மாறியது. மாப்பொருள் இருந்தால் நீலம். அன்று பகல் மக்டலீன் கொட்டிலில் இருந்தபோது, கையை இரண்டு தரம் கழுவி, பேணியைச் சரித்து ஒரு பூவரசம் இலையில் கொஞ்சம் மாவைக் கொட்டினாள். இன்னொரு இலையில் அடுப்படியிலிருந்த அரிசிமா. இரண்டிலும் ரிங்சர் விட்டாள்.

அரிசிமா உடனே கறுத்தது. பால்மா மண்ணிறமாகவே கிடந்தது. காய்ந்து பொருக்காகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நீலம் வரவில்லை.

பேணியில் கலப்படம் இல்லை. மாவில் களவு இல்லை. அப்படியென்றால் இனி ஒன்றுதான் மிச்சம். அவள் பிள்ளைக்குப் பாலே கொடுப்பதில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. இரத்தினம்மா பால் கொடுத்த போத்தலைக் கழுவ வைக்கும்போது கழுத்தடியில் வெள்ளையாக வளையம் ஒட்டியிருக்கும். மக்டலீன் கொண்டுவந்து வைக்கும் போத்தல் எப்போதும் கண்ணாடி மாதிரி இருந்தது. வெறும் தண்ணீரால் அலசிய போத்தல்.

சீவரத்தினத்திடம் சொன்னாள். அவர் கையிலிருந்த வெங்காய மண்ணைத் தட்டிக்கொண்டே, "பால் குடுக்காட்டில் பிள்ளை கத்துமே, குணம்? பிள்ளை கத்துறதே இல்லை" என்றார்.

"அதுதான் எனக்கும் பயம். ஏன் கத்துறதில்லை? நித்திரைக்கு ஏதும் பருக்கிறாளோ?"

"உனக்குக் காய்ச்சல் விட்டாலும் மூளைச்சூடு விடேல்லை. படு."

ஆறாம் நாள் கிளினிக். நல்லம்மா தராசில் துணித்தொட்டிலைக் கொழுவிப் பிள்ளையைக் கிடத்தினார். முள் ஆடி நின்றது. நல்லம்மா கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு தரம் பார்த்தார்.

"முன்னூற்றைம்பது கிராம் ஏறியிருக்கு! இரத்தினம்மாக்கா, என்ன மாயம் செய்தனீங்கள்? இனிப் பெரியாஸ்பத்திரிக் கதை வேண்டாம். செய்யிறதை அப்பிடியே செய்யுங்கோ."

இரத்தினம்மாவுக்கு வாயெல்லாம் பல். சற்றுத் தள்ளி வாங்கில் இருந்த குணலட்சுமிக்கும் அழுகை வரும்போல இருந்தது. ஆனால் மருதனார்மடம் தாண்டி வண்டில் வீட்டுக்கு வருவதற்குள் மனம் மறுபடி தட்டத் தொடங்கிவிட்டது. பேணி இறங்கவில்லை, பிள்ளை ஏறுகிறது. அப்படியென்றால் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது என்ன?

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு மக்டலீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். குணலட்சுமி செருப்பில்லாமல் இறங்கினாள். கிணற்றுக்கட்டைப் பிடித்து, வாழைகளைப் பிடித்து, கொட்டிலின் தென்னங்கிடுகுச் சுவர்ப் பக்கமாகப் போய் நின்றாள். கிடுகு உக்கி விரல் அளவு இடைவெளி இருந்தது.

மக்டலீன் சாக்கின்மேல் காலை நீட்டி இருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் ஒரு சிரட்டையைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. மக்டலீனின் சட்டை திறந்திருந்தது. தர்சினி அவள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்து, கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்கக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கை மக்டலீனின் சிலுவைச் சங்கிலியைப் பிடித்திருந்தது.

குணலட்சுமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. களவைக் கண்டிருந்தால் கத்தியிருப்பாள். இது களவா? தனக்கு வற்றிப்போனது இன்னொருத்தியிடம் வழிந்துகொண்டிருந்தது. தன் பிள்ளை அதைத் தனக்கு உரியதை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டிருந்தது. கிடுகை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மக்டலீன் திடுக்கிட்டாள். ஆனால் பிள்ளையைப் பிடுங்கவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, உடனை இழுத்தால் புரைக்கேறும்" என்றாள்.

"எத்தினை நாளா?"

"வந்த முதல் நாளிலையிருந்து."

"ஆரைக் கேட்டனி?"

"ஆரைக் கேக்கிறது? பெரியக்காவைக் கேட்டால் என்னையும் பிள்ளையையும் சேத்துக் கிணத்தடியிலை வைச்சுக் குளிக்க வாத்திருப்பா."

குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்கு ஏதும் வருத்தம் கிருத்தம் இருக்கோ? உள்ளதைச் சொல்லு."

மக்டலீன் நிமிர்ந்து பார்த்தாள். "நெருப்புக்காய்ச்சல் வந்தது உங்களுக்கு அக்கா. எனக்கில்லை."

அந்த ஒரு சொல்லில் குணலட்சுமி சாக்கின் ஓரத்தில் குந்திவிட்டாள்.

"பேணி இருக்க ஏன் இப்பிடிச் செய்தனி?"

"பேணிதான் காரணம். உந்தப் பேணியளை ஜெசிந்தாவின்ரை அப்பாதான் வள்ளத்தாலை இறக்கிறவர். வள்ளத்துக்கை அடித்தண்ணி நிக்கும், அதுக்கை கிடந்துதான் வரும் எண்டு சொல்லியிருக்கிறார். ஓட்டையில்லாத பேணிக்கு ஒண்டுமில்லை. இதின்ரை ஓட்டையைக் கண்ட உடனை, முதல் நாளே கரண்டியைப் பக்கத்தாலை விட்டு அடியிலை கிண்டிப் பாத்தன். மேலை மா நல்லம். அடியிலை கட்டி பட்டுக் கிடக்கு. மணந்தும் பாத்தன். ஈரம் பட்ட கருவாட்டின்ரை மணம் எங்களுக்குத் தெரியாதே?"

"ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் தெரிஞ்செடுத்த பேணியெண்டு பெரியக்கா ஊரெல்லாம் பெருமையாப் புளுகிறா. நான் பழுதெண்டு சொன்னால், மாவைக் களவெடுத்துப்போட்டு உவள் கதை கட்டிறாள் எண்டுவியள். நீங்கள் பேணிக்குப் பொட்டு வைக்கிறதை நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

குணலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் யன்னலும் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"பகலிலை நான் குடுத்தால் மா மெல்ல மெல்லத்தான் இறங்கும்" என்று மக்டலீன் தொடர்ந்தாள். "பெரியக்கா அள்ளிறது மேல் மா, அது பிழையில்லை. அதுக்கிடையிலை சங்கத்துக்குப் பேணி வந்திடும் எண்டு நினைச்சன். வரேல்லை. இண்டைக்கு இரவு பெரியக்கா அள்ளினால் அந்தக் கட்டிதான் வரும். இண்டைக்கு என்ன ஏச்சு வாங்கினாலும் சொல்லிறதெண்டுதான் வந்தனான்."

நம்பலாமா? குணலட்சுமி எழுந்து வீட்டுக்குப் போனாள். பழைய பேப்பரை விறாந்தையில் விரித்துப் பேணியைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். முதலில் கொஞ்சம் வெள்ளை மா பொலபொலவென்று விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். பேணியின் அடி அச்சாக, வட்டமாக, ஒரு கட்டி வந்து விழுந்தது. துளை இருந்த பக்கம் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இரண்டு விரல் தடிப்பு. குனிந்து மணந்தாள். மயிலிட்டிக்காரியின் மூக்கு தேவைப்படவில்லை.

ஓட்டை இருந்தால்தான் உண்மையான பேணி என்று சொன்னது அவளுடைய வாய். அரிசியைத் திருப்பி அனுப்பியவள், ரிங்சர் விட்டுப் பார்த்தவள், தட்டித் தட்டிப் புள்ளி வைத்தவள். இந்த வீட்டில் பிள்ளைக்கு ஆபத்தை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

இரண்டு மணிக்கு இரத்தினம்மா வந்ததும் கட்டியைக் காட்டினாள். தட்டிப் பார்த்ததில் சத்தம் பிழையாகக் கேட்டது, கவிழ்த்துப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். சீவரத்தினம் கட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு முத்துக்குமாருவிடம் போனார்.

"மனுசி தெரிஞ்செடுத்த பேணி, தம்பி. நான் அப்பவே ரெண்டையும் தந்துவிட்டனான்" என்றாராம் முத்துக்குமாரு. மற்றப் பேணியைக் கேட்டால் அது அன்றே விலைப்பட்டுவிட்டது. வாங்கிப்போன வீட்டில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறதாம். நல்லவேளையாக அடுத்த நாள் பின்னேரம் சங்கக்கடைக்குப் பால்மா வந்துவிட்டது. அதுவரைக்கும், முதலில் விழுந்த வெள்ளை மா போதும், பிள்ளைக்குச் சோர்வு என்று சொல்லிக் குணலட்சுமி மக்டலீனை இரவிலும் மறித்து நிற்க வைத்தாள். விறாந்தையில், தனிப் பாயில், தனிப் போர்வையோடு.

இரண்டு கிழமையில் மலச் சோதனையும் முடிந்தது. குணலட்சுமி தனியாகத்தான் கிளினிக்குக்குப் போனாள், சீவரத்தினம் வெளியில் சைக்கிளோடு நின்றார். நல்லம்மா சோதனைத் துண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டிலையும் ஒண்டுமில்லை. இனி நீயே பாலைக் கரைக்கலாம், பிள்ளையை மடியிலை வைச்சுக் குடுக்கலாம். உனக்குத்தான் பெரிய ஆசையெண்டு எனக்குத் தெரியும்."

ஆசைதான். கிட்டத்தட்ட ஒரு மாதமாக யன்னலுக்குள்ளிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் போத்தலைத் தொடத் தொடங்கினால் பகலில் மக்டலீன் எதற்கு? பிள்ளையின் நிறை இப்போதுதான் ஏறுகிறது. சங்கக்கடையில் மாதத்துக்கு வருவது நாலு பேணி, பிள்ளைக்குத் தேவை எட்டு. மிச்சம் முத்துக்குமாரு கடைப் பேணிதான். ஓட்டை உள்ளதையா, இல்லாததையா எடுப்பது என்று இனி அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டில் இரத்தினம்மா வாசலிலேயே நின்றார். "என்னவாம்? இனி மக்டலீனை மறிக்கத் தேவையில்லைத்தானே?"

குணலட்சுமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் வாழ்க்கையில் பொய் என்பது மற்றவர்கள் சொல்வதும் அவள் கண்டுபிடிப்பதும்தான். துண்டை முந்தானையில் முடிந்திருந்தாள்.

"கிருமி இன்னும் போகேல்லையாம் மச்சாள். இன்னும் ரெண்டு மாதத்துக்குப் பால்சாமான் தொடவேண்டாமாம்."

இரத்தினம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தை, கையை, நகத்தை. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று குணலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு நாளும் அவள் பார்த்த பார்வை அது.

"ஆளைப் பாத்தால் நல்லாத்தான் இருக்கிறாய்" என்றார் இரத்தினம்மா மெதுவாக. "சரி. எதுக்கும் உன்ரை கோப்பையையும் கிளாசையும் தனியா எடுத்து வைக்கிறன். மக்டலீன் நிக்கட்டும்."

அன்றிலிருந்து கிணற்றுக்கட்டுப் பக்கம் இரண்டு கிளாஸ்கள் கவிழ்ந்திருந்தன.

புதுப்பேணி இறங்காவிட்டால் இரத்தினம்மா கேட்பார். நாலு நாள் கணக்கு அவருக்கும் இப்போது பாடம். மக்டலீனும் அதைவிடப் பெரிய கணக்கொன்றைச் சொல்லிவிட்டிருந்தாள். "என்ரை பால் ரெண்டு பேருக்கும் காணாது அக்கா. என்ரை குட்டி பகலெல்லாம் சிணுங்கிறாள். பல்லு முளைச்சவள்தானே எண்டு நானும் அவளைத்தான் ஏமாத்திறன்."

ஆகவே பத்து மணிக்கு, தோட்டத்துக்குப் போனவர்கள் தூரத்தில் இருக்கும்போது, குணலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு மேசையடிக்குப் போனாள். கரண்டியால் மாவை அள்ளினாள். கத்தியின் முதுகால் மட்டம் தட்டினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொதித்து ஆறின தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தாள். இத்தனை நாளும் மனதுக்குள் செய்து பழகிய வேலை, கை தடுமாறவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

தர்சினி மக்டலீனின் மடியில் குடித்துக்கொண்டிருந்தது. குணலட்சுமி அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டாள். ஜெசிந்தாவைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கோப்பையை அதன் வாயடியில் கொண்டுபோனாள்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. கோப்பைக்குள் எட்டிப் பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. தாயைத் திரும்பிப் பார்த்து, பிறகு கோப்பை பிடித்த அந்நிய முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தது.

"உவளும் ஒரு சந்தேகக்காரி" என்றாள் மக்டலீன். "நீங்கள் ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கோ அக்கா. அப்பத்தான் நம்புவாள்."

குணலட்சுமி கோப்பையை உயர்த்தி வாயில் படாமல் அண்ணாந்து ஒரு மிடறு விழுங்கிக் காட்டினாள். ஜெசிந்தா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கியது நிச்சயம் என்று தெரிந்த பிறகு இரண்டு கையாலும் கோப்பையை இழுத்தது.